பார்க்காமலே ‘இல்லை’ என்பதா?

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத சிசுவுக்கு ஸ்கேன் எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தை உயிர் பிழைத்தது போதாதா, அதன் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று வேறு தேடவேண்டுமா, இதெல்லாம் பணக்கார ஆஸ்பத்திரியின் ஆடம்பரம், சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கட்டுபடியாகாது என்று உபதேசம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வாதம் பொய்யானது. ஆபத்தானது என்று நாம் கூறுகிறோம். ஏன் பொய், யாருக்கு ஆபத்து என்பதை மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் சர்க்கார் ஆஸ்பத்திரியின் சிசு வார்டில் கிடக்கும் குழந்தை நம்முடைய குழந்தை. வசதி படைத்தவர்களின் குழந்தை அங்கே வருவதில்லை.

குழாய் எதற்கு?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கிலோ எடைதான் இருக்கும். பாலை உறிஞ்சிக் குடிக்கத் திராணி இராது. மருந்து, குளுகோஸ், சத்து நீர் எல்லாம் ரத்தத்தின் மூலமாகவே போகவேண்டும். ஆனால் அந்தக் கையில் உள்ள ரத்தக்குழாயோ நூல் போன்றது, ஊசி நிற்காது. ஒரு கிலோக் குழந்தையின் உடம்பில் ஓடும் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 90 மில்லி. டீக்கடை கிளாஸ் ஒன்றில் அடங்கிவிடும்.

ஆகவே டாக்டர்கள் வேறு வழி கண்டார்கள். பிறந்த முதல் சில நாட்களுக்குத் தொப்புள் கொடியின் ரத்தக்குழாய் மூடாமல் இருக்கும். அதன் வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, கல்லீரலைக் கடந்து, இருதயத்தின் வாசல் வரைக்கும் கொண்டுபோகிறார்கள். இதைத்தான் கதீட்டர் என்கிறார்கள். கடுமையான மஞ்சள் காமாலையோடு பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தை மாற்றுவதற்காக, பாஸ்டன் நகரத்து டாக்டர் லூயி டயமண்ட் 1940-களில் இந்த வழியைக் கையாண்டு பரப்பினார். கையிலிருந்தோ காலிலிருந்தோ நீண்ட மெல்லிய குழாயை உள்ளே செலுத்தும் முறையும் பின்னர் வந்தது.

இந்தக் குழாய் கணக்கற்ற குழந்தைகளை மரணத்தின் வாயிலிருந்து மீட்டிருக்கிறது. எனவே குழாயே வேண்டாம் என்பது நம் வாதமல்ல. யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். டாக்டர் அவசியம் என்றால் குழாய் போடத்தான் வேண்டும். போட்ட பிறகு அதை யார் கவனிக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

வாய்க்காலில் நட்ட கம்பு

வாய்க்காலில் ஒரு கம்பை நட்டு வையுங்கள். நாலு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். சருகும் பாசியும் வந்து அதைச் சுற்றி அடைந்திருக்கும். தண்ணீர் மெதுவாக ஓடும் வாய்க்காலானால் அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும். கடைமடை காயும். விவசாயிக்கு இதைப் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ரத்தக்குழாய்க்குள் கிடக்கும் கதீட்டர் இந்தக் கம்பைப் போன்றது. ரத்தம் ஏன் குழாய்க்குள்ளேயே உறைகிறது என்பதை 1850-களில் ஆராய்ந்து விளக்கியவர் ஜெர்மன் நாட்டு டாக்டர் ருடால்ப் விர்க்கோ. ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் காயப்படுவது, ரத்தத்தின் தன்மை மாறுவது என்ற மூன்று காரணங்களை வைத்திய உலகம் இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறது. இதே விர்க்கோ 1848-ல் மேல் சைலீசியா மாகாணத்தில் விஷ ஜுரம் பரவியபோது அங்கே அனுப்பப்பட்டவர். ஜனங்களின் வறுமையும் அறியாமையும் ஆட்சியின் அலட்சியமுமே நோய்க்குக் காரணம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவர். ரத்தக்கட்டியைப் பற்றிப் பேசும்போதும் ஏழ்மையைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது என்பதற்கு அவரே சாட்சி.

கதீட்டர் போட்ட சிசுவிடம் அந்த மூன்று காரணங்களும் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. குழாயோ சிறியது, அதில் ஒரு பகுதியைக் கதீட்டரே அடைத்துக்கொள்கிறது. அது உரசி உள்சுவர் புண்படுகிறது. குறைமாதம், கிருமித் தொற்று, உடம்பில் நீர் வற்றுதல் ஆகியவை ரத்தத்தின் தன்மையையும் மாற்றுகின்றன.

கால் வீங்கி நிறம் மாறினால், முகமும் கழுத்தும் உப்பினால், கதீட்டரில் ரத்தம் வராமல் போனால், ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வரும். ஆனால் பெரும்பாலான கட்டிகள் இப்படி எந்த அடையாளத்தையும் காட்டுவதில்லை. குழந்தை அழுவதும் தூங்குவதும் எப்போதும்போலவே இருக்கும்.

இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனடாவைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாட்டு சிசு வார்டுகளிலிருந்து திரட்டி 1995-ல் வெளியிட்ட கணக்கில், அடையாளம் தெரிந்து கண்டுபிடிக்கப்பட்ட ரத்தக்கட்டி வார்டில் சேர்ந்த 1,000 குழந்தைகளுக்கு 2.4 தான். ஆனால் தென்கொரியாவில் தொப்புள் கதீட்டர் போட்ட 100 சிசுக்களை வரிசையாக ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2001-ல் முடிவு வெளியாயிற்று. 43 குழந்தைகளுக்குக் கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கட்டி இருந்தது!

முதல் கணக்கு வார்டில் சேர்ந்த எல்லாக் குழந்தைகளையும் பற்றியது. இரண்டாவது கதீட்டர் போட்டவர்களை மட்டும் பற்றியது. இரண்டையும் நேருக்கு நேர் வகுத்துப் பார்ப்பது சரியல்ல என்பதை நாமே சொல்லிவிடுகிறோம். அப்படியிருந்தும் உண்மை பளிச்சென்று தெரிகிறது. அடையாளம் வரட்டும் என்று காத்திருந்தவர்கள் சிலவற்றைக் கண்டார்கள். ஸ்கேன் வைத்துத் தேடியவர்கள் ஏராளமாகக் கண்டார்கள். அப்படியானால் ஸ்கேனே வைக்காத வார்டில் “எங்களிடம் அந்தக் கோளாறு இல்லை” என்று கணக்கு எழுதினால் அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு?

பாய்லர் கூடத்திலிருந்து வந்த கருவி

இந்த ஸ்கேன் ஏதோ மாயக் கண்ணாடி என்று எண்ணவேண்டாம். தொழிற்சாலையில் பிறந்த கருவி அது. மனிதக் காதுக்குக் கேட்காத, வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை உலோகத்துக்குள் செலுத்தி உள்ளே இருக்கும் வெடிப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928-லேயே லெனின்கிராட் விஞ்ஞானி செர்கேய் சொக்கொலோவ் சொன்னார். பின்னர் பாய்லரின் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியாக அது வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் ரென்ப்ரூ என்ற ஊரில் இருந்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்கு 1955-ல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டு போனார். ஆபரேஷனில் எடுத்த கட்டிகளைத் தன்னோடு கொண்டுபோய், அங்கிருந்த கருவியின் கீழ் வைத்துப் பார்த்தார். டாம் பிரவுன் என்ற இஞ்சினீயரோடு சேர்ந்து உழைத்து, 1958-ல் ‘லான்செட்’ வைத்தியப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார். இன்றைய ஸ்கேனுக்கு அங்கேதான் அஸ்திவாரம்.

சிசுவுக்கு இதனால் துன்பமில்லை. ஊசி இல்லை, மயக்கமருந்து இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. குழந்தையைக் கதகதப்பான படுக்கையிலிருந்து எடுக்காமலே, சிறிய கருவியைத் தோலின்மேல் வைத்துப் பார்த்துவிடலாம். ரத்தம் ஓடுவது திரையில் நிறமாகத் தெரியும். ஓட்டம் நின்ற இடம் நிறமில்லாமல் கிடக்கும். கை கால்களில் உள்ள ரத்தக்குழாயை லேசாக அழுத்தினால் நல்ல குழாய் அமுங்கும், கட்டி உள்ள குழாய் அமுங்காது. கதீட்டரின் முனை சரியான இடத்தில் நிற்கிறதா, கல்லீரலுக்குள் விலகிப் போய்விட்டதா என்பதையும் அதே பார்வையில் காணலாம். ஒருதடவை எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்த்த முனை, கொடி காய்ந்து வயிறு உப்பும்போது இரண்டொரு நாளில் நகர்ந்துவிடக் கூடும்.

முதலாளியின் பாய்லர் வெடித்துவிடக் கூடாது என்று அதைப் பரிசோதிக்க இந்த நாட்டில் 1923-லேயே சட்டம் வந்தது. பரிசோதனை நடந்து சான்றிதழ் கிடைக்காமல் பாய்லரை ஓட்டக்கூடாது. பாய்லருக்குக் காட்டிய அக்கறையைத் தொழிலாளியின் சிசுவுக்குக் காட்டுங்கள் என்று கேட்பது பேராசையா?

சப்பைக்கட்டுகள்

“கட்டி தானாகவே கரைந்துவிடும், பார்த்து என்ன பயன்?” என்கிறார்கள். பெரும்பாலானவை கரைவது உண்மைதான். கரையாதவற்றின் கதி என்ன? கல்லீரலுக்குப் போகும் பாதை அடைபட்டால் ரத்தம் வேறு வழி தேடும். உணவுக்குழாயின் அடியில் உள்ள சிறிய ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளும். மண்ணீரல் பெருக்கும். சில வருஷங்கள் கழித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒருநாள் திடீரென்று ரத்தம் ரத்தமாக வாந்தி எடுக்கும். நம் நாட்டில் குழந்தைகள் இப்படி ரத்தவாந்தி எடுப்பதற்கு முக்கியமான காரணம் இந்த அடைப்புத்தான். எல்லா அடைப்புக்கும் கதீட்டர்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. பல குழந்தைகளிடம் காரணமே தெரிவதில்லை. ஆனால் தொப்புளில் ஏற்படும் கிருமித் தொற்றும் தொப்புள் கதீட்டரும் தெரிந்த காரணங்களில் சேர்ந்தவை. 1993-லேயே டில்லி டாக்டர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, ஸ்கேன் வைத்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். வெளிநாட்டுக் கவலை, நமக்கு எதற்கு என்று இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

எந்தக் கட்டி கரையும், எது கரையாது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒருதடவை பார்த்து, சில நாள் கழித்து மறுபடி பார்த்துத்தான். சிறிய கட்டியானால் பொறுத்திருந்து கவனிக்கலாம். வளர்ந்தால் ஹெபரின் வகை மருந்து கொடுக்கவேண்டியிருக்கும். அந்த மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கமுடியாது. குறைமாதக் குழந்தையின் மூளையில் ரத்தம் கசியும் அபாயம் உண்டு. கொடுப்பதானாலும் கொடுக்காமல் இருப்பதானாலும் முதலில் பார்த்தாகவேண்டும்.

“ஸ்கேனும் தவறு செய்யும்” என்கிறார்கள். செய்யும். 2002-ல் கனடா டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் தெரிந்த கட்டிகள் பலவற்றை எதிரொலி ஸ்கேன் தவறவிட்டது. இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? பழகிய கை வேண்டும், நல்ல கருவி வேண்டும், ஒருதடவை பார்த்ததோடு நிறுத்தக்கூடாது என்பதுதான். விளக்கு மங்கலாக எரிகிறது என்றால் திரியைத் தூண்டவேண்டும். விளக்கையே அணைத்துவிட்டு உட்காருவது எந்த ஊர் நியாயம்?

“சட்டம் இடம் தராது” என்று வேறு சிலர் கையை விரிக்கிறார்கள். எந்தச் சட்டம்? கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் 1994-ம் வருஷத்துச் சட்டம். மாதர் இயக்கங்கள் போராடிப் பெற்ற சட்டம் அது. அதில் ஓர் எழுத்தைக்கூடத் தளர்த்தக்கூடாது என்பதில் நாம் உறுதியாக இருக்கிறோம். ஸ்கேன் மிஷினைப் பதிவு செய்யவேண்டும் என்று அது சொல்கிறது, பதிவு செய்யுங்கள்! பிறந்து தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் ரத்தக்குழாயைப் பார்க்கக்கூடாது என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? பெண் சிசுவைக் காப்பாற்ற வந்த சட்டத்தைக் காட்டி, பிறந்த பெண் சிசுவுக்கே ஸ்கேனை மறுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

“பணமில்லை, ஆளில்லை” என்பது கடைசி ஆயுதம். 2011 ஜூன் மாதத்தில் மத்திய சர்க்கார் ஜனனி சிசு சுரக்ஷா என்ற திட்டத்தை அறிவித்தது. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயுற்ற சிசுவுக்குப் பிறந்து 30 நாள் வரைக்கும் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம் என்றது. 2014-ல் இதை ஒரு வயது வரைக்கும் நீட்டித்தார்கள். பரிசோதனை இலவசம் என்று எழுதி வைத்துவிட்டு, “வெளியே போய் ஸ்கேன் எடுத்து வா” என்று சீட்டு எழுதிக் கொடுப்பது எப்படி? மூச்சுக்குத் திணறும் சிசுவைத் துணியில் சுற்றிக்கொண்டு, கூலியை இழந்த தகப்பன் வெயிலில் ஸ்கேன் சென்டரைத் தேடி அலையவேண்டுமா?

முடியாது என்பதற்கு நாட்டின் அனுபவமே பதில். சிறிய ஊர் ஆஸ்பத்திரியில் சிசு வார்டு நடத்தமுடியாது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மேற்கு வங்கத்தில் ஏழை மாவட்டமான புருலியாவில் 2003-ல் சிசு பராமரிப்புப் பிரிவைத் தொடங்கி நடத்திக் காட்டினார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் அது பரவியது. வருஷத்துக்கு 3,000-க்கு மேல் பிரசவம் நடக்கும் ஆஸ்பத்திரியில் குறைந்தது 12 படுக்கை கொண்ட பிரிவு வேண்டும் என்று 2011-ல் மத்திய சர்க்காரே வழிகாட்டி வகுத்தது. படுக்கை வந்தது. அந்தப் படுக்கையின் ஓரத்துக்கு ஸ்கேனும் வரவேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் மிஷின் ஒரு கட்டிடத்தில், குழந்தை இன்னொரு கட்டிடத்தில். மிஷின் இருந்தால் டாக்டர் இல்லை. பகலில் இருக்கிறவர் ராத்திரியில் இல்லை. இதற்கு வார்டில் கண்விழிக்கும் டாக்டரையும் நர்ஸையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் சுமத்துகிற சர்க்கார்தான் பதில் சொல்லவேண்டும்.

தாயின் வயிற்றிலேயே ஆரம்பிக்கும் அநீதி

குழந்தை ஏன் எடை குறைந்து, மாதம் நிறையாமல் பிறக்கிறது? எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவிகிதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். சேற்றில் குனிந்து நாற்று நடுகிறவளுக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவு ஏது? தாயின் ரத்தத்தை உறிஞ்சிய உழைப்பு சிசுவின் எடையைக் குறைக்கிறது. எடை குறைந்த சிசுவுக்குக் கதீட்டர் தேவைப்படுகிறது. கதீட்டர் போட்டவனுக்குக் கட்டி வருகிறது. அதைப் பார்க்கும் கருவி மட்டும் பணம் உள்ளவனுக்குத்தான் என்றால் இதைவிடக் கொடுமை உண்டா?

நாம் கேட்பது என்ன?

எல்லாச் சிசுவுக்கும் தினந்தோறும் ஸ்கேன் எடு என்று நாம் கேட்கவில்லை. அதற்கு வைத்திய உலகத்தில் ஒருமித்த கருத்தும் இல்லை. நாம் கேட்பவை நியாயமானவை.

சிசு வார்டு உள்ள ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் படுக்கையருகே கொண்டுவரக்கூடிய ஸ்கேன் கருவியை, முறைப்படி பதிவு செய்து வைக்கவேண்டும். குழந்தை டாக்டர்களுக்கு அதில் பயிற்சி தரவேண்டும்; காலி இடங்களை நிரப்பவேண்டும்.

கதீட்டர் போட்டதும் முனையின் இடத்தைப் பார்க்கவேண்டும். பல நாட்கள் கதீட்டரோடு இருந்த குழந்தைக்கும், முனை விலகியிருந்த குழந்தைக்கும், சந்தேக அடையாளம் தெரிந்த குழந்தைக்கும் தவறாமல் ஸ்கேன் எடுக்கவேண்டும். கட்டி தெரிந்தால் கரையும் வரை தொடர்ந்து பார்க்கவேண்டும்.

தேவை முடிந்த அன்றே கதீட்டரை எடுக்கவேண்டும். தொப்புள் சிரைக் கதீட்டர் 14 நாளுக்கு மேலும், தொப்புள் தமனிக் கதீட்டர் 5 நாளுக்கு மேலும் இருக்கக்கூடாது என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2011-ல் சொன்னது. அன்று சொன்ன கடைசி எல்லை அது. அதற்கு முன்பே எடுப்பது நல்லது.

வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், எந்தக் கதீட்டர், எத்தனை நாள், ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று எழுதித் தரவேண்டும். 

தாய்மார்களே, தகப்பன்மார்களே! வார்டில் கேட்கத் தயங்காதீர்கள். “என் குழந்தைக்கு எந்தக் குழாய் போட்டிருக்கிறீர்கள்? எப்போது எடுப்பீர்கள்? ஸ்கேன் பார்த்தீர்களா?” என்று மரியாதையோடு, உறுதியோடு கேளுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் பிள்ளையின் இடப்பக்க வயிறு பெருத்தாலோ, ரத்தவாந்தி எடுத்தாலோ, மலம் தார்போல் கறுத்துப் போனாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

தனியாகக் கேட்டால் அதட்டி அனுப்பிவிடலாம். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டும். மில் வாசலிலும் வயல் வரப்பிலும் கூலி உயர்வுக்காக எழுப்பிய குரலை, பேசத் தெரியாத நம் சிசுக்களுக்காகவும் எழுப்புவோம். இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டுச் சொல் என்று சர்க்காரைக் கேட்போம்!